அப்பாவின் கண்ணில் பிழை இல்லை

மூன்று மாதமாக அப்பாவின் கண்ணில்தான் பிழை எண்டு நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் எண்டால் அக்காவும் தங்கச்சியும். ஒராள் கம்பஸில் கலைப்பீடம், மூன்றாம் வருடம். மற்றாள் ஏ.எல் வகுப்பில் பௌதீகவியல் படிக்கிறவள். இந்தக் கதையில் எதை ஆர் முதலில் சொன்னது எண்டு பிரிக்க ஏலாது. செய்த பிழையையும் பிரிக்க ஏலாது. அதனால் கடைசிவரைக்கும் 'நாங்கள்' எண்டே எழுதுகிறோம்.

அப்பா வான் ஓடுகிறவர். 2006ஆம் ஆண்டு கே.டி.எச். பகலில் கோயில், கலியாணவீடு, ஆஸ்பத்திரி எண்டு ஊருக்குள் ஓட்டம். இரவில் எயார்போட் ஹயர். யாழ்ப்பாணத்தில் இருந்து எட்டு மணிபோல வெளிக்கிட்டு மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் எண்டு இரவிரவாக ஓடி விடியக் கட்டுநாயக்காவில் நிற்பார். பகல் ஓட்டத்தில் அடுப்பு எரியும். ரியூசன் காசு, கம்பஸ் செலவு, அம்மம்மாவின் மருந்து எல்லாம் இரவு ஓட்டத்தில்தான்.

2024 ஆவணியில் ஒரு பின்னேரம், இயக்கச்சிக்குக் கிட்ட, முன்னால் போன ரிப்பரில் இருந்து ஒரு கிரவல் கல் பறந்து வந்து முன்கண்ணாடியில் பட்டது. பட்ட இடம் ஐந்து ரூபாக் குற்றி அளவுதான். அப்பா பெரிதாக எடுக்கவில்லை. அந்த அளவுக் காயத்தை உடனே கொண்டுபோய்க் காட்டினால் பிசின் விட்டு அடைக்கலாம், விரிசல் ஓடாமல் நிற்கும் எண்டது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் காட்டவில்லை. பகல் வெயிலில் காய்ந்த கண்ணாடிக்கு ஏசிக் காற்றுப் பட்டுப் பட்டு, நாலாம் நாள் அந்தக் குற்றியில் இருந்து ஒரு கோடு வெளிக்கிட்டது. ஒரு கிழமையில் அது சாரதிப் பக்கம் முழுக்க வந்துவிட்டது.

அவ்வளவு வெடிச்சும் கண்ணாடி விழவில்லை. முன்கண்ணாடி தனிக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்ரிக் படலம் ஒட்டியிருக்கும். உடைஞ்சாலும் துண்டுகளை அந்தப் படலம் பிடித்து வைத்திருக்கும். பக்கக் கண்ணாடிகள் வேறு வகை. அவை சூடாக்கிச் சடுதியாகக் குளிரவைத்து இறுக்கினவை, உடைஞ்சால் கற்கண்டு மாதிரிப் பொலபொலவெண்டு கொட்டும். முன்னுக்கு அந்த வகை வந்தால், ஒரு கல் பட்டவுடன் சாரதிக்கு முன்னால் ஒண்டும் தெரியாமல் போகும். எதௌவார் பெனடிக்டஸ் எண்ட பிரெஞ்சு இரசாயனவியலாளரின் கையில் இருந்து 1903இல் ஒரு குடுவை தவறி விழுந்து, வெடித்தும் சிதறாமல் இருந்ததாம். உள்ளே ஒரு திரவம் காய்ந்து படலமாகிப் பிடித்திருந்திருக்கிறது. அதில் இருந்துதான் இந்த யோசனை வந்தது எண்டும், 1909இல் அவர் காப்புரிமை எடுத்தார் எண்டும் தங்கச்சிக்காரி வாசித்துச் சொன்னாள். அப்பா கேட்டுப்போட்டு, "நல்ல மனிசன். ஆனா காசு நாங்கள்தானே குடுக்கோணும்" எண்டார்.

காசுதான் கதை. லீசிங் கட்டி முடிஞ்ச கையோடு அப்பா ஃபுல் இன்சூரன்ஸை விட்டிட்டு தேர்ட் பார்ட்டிக்கு மாறியிருந்தார். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டினபோது ஏறின சாமான் விலை பிறகு பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில் இருந்து எல்லாரும் இருக்கிற பழைய வாகனத்தைத்தான் தட்டித் தட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் இரண்டு விலை சொன்னார். இரண்டுக்கும் நடுவில் 25,000 ரூபா வித்தியாசம்.

"ரெண்டும் கண்ணாடிதானே" எண்டு கேட்டது அப்பா இல்லை, நாங்கள்தான். அந்த மாதம் எங்களுக்கு ஒரு லப்டொப் திருத்த வேண்டியிருந்தது.

காலமை விட்ட வான் மத்தியானம் வந்துவிட்டது. புதுக் கண்ணாடி பளபளவெண்டு இருந்தது. அம்மா திருநீறு பூசினா.

பிறகு ஒரு ஹயர் போய்வந்த அப்பா, "எதிர லைற் வந்தா ஒரு மாதிரிக் கலங்குது" எண்டார். அடுத்த முறை, "ரெண்டு ரெண்டாத் தெரியுது பிள்ளை" எண்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்களுக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை. "வயசு போட்டுது அப்பா, கண்ணைக் காட்டுங்கோ" எண்டோம். அப்பா ஒவ்வொரு காலமையும் பழைய பேப்பரைத் தண்ணியில் நனைச்சு அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். துடைச்சுப்போட்டு எட்டி நிண்டு பார்ப்பார். பிறகு தன் கண்ணைக் கசக்குவார்.

கண் டொக்டர், தூரப்பார்வை பரவாயில்லை, பேப்பர் வாசிக்க மட்டும் கண்ணாடி போடச் சொன்னார். வெள்ளை படர்கிறது தொடங்கியிருக்கு, இந்த வயதில் கனபேருக்கு இருக்கிறதுதான், இப்ப ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டும் சொன்னார். டொக்டர் சொன்ன நாலு வசனத்தில் நாங்கள் பிடித்துக்கொண்டது 'வெள்ளை படர்கிறது' எண்ட ஒண்டை மட்டும்தான்.

அதுக்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் எழுதக் கஷ்டமாக இருக்கு. ஹயருக்கு வருகிற கோல்களை அப்பா இல்லாத நேரம் நாங்கள்தான் எடுப்போம். "இரவு ஓட்டம் இப்ப செய்யிறேல்ல, அப்பாவுக்கு இரவில கண் தெரியுதில்லை" எண்டு சொல்லத் தொடங்கினோம். அக்கறையில்தான் சொன்னோம். ஆனால் எங்கட ஊரில் ஒரு வசனம் எவ்வளவு தூரம் ஓடும் எண்டு தெரியாத பிள்ளைகள் இல்லை நாங்கள். இரண்டு மாதத்தில் பகல் ஹயரும் குறைஞ்சது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வருசா வருசம் கேட்கிறவர்கள் கேட்கவில்லை. சந்தியில் ஒருவர், "கண் தெரியாத ஆள் எண்டு கதைக்கினம், உண்மையே?" எண்டு அப்பாவிடமே கேட்டிருக்கிறார். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. அம்மாவுக்கு வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். கார்த்திகையில் அப்பா வானை விற்கிற கதை கதைத்தார்.

மார்கழித் தொடக்கத்தில் பருத்தித்துறையில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். திரும்பி வரேக்க இரவு ஒன்பது மணி இருக்கும். அம்மம்மாவோடு அம்மா பின்னுக்கு இருந்ததால் முன் சீற் எங்களுக்கு வந்தது. வல்லை வெளிக்குள் இறங்கினவுடன் இரண்டு பக்கமும் இருட்டு. தூரத்தில் ஒரேயொரு மோட்டச்சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, அந்த மோட்டச்சைக்கிளுக்கு ரெண்டு லைற்றே?"

பார்த்தோம். ஒரு லைற்றுக்கு மேலே, கொஞ்சம் மங்கலாக, இன்னொரு லைற். சாரதிப் பக்கம் சாய்ந்து பார்த்தால் இடைவெளி இன்னும் கூட. பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியில் நீட்டிப் பார்த்தோம். ஒரு லைற். உள்ளே வந்தால் இரண்டு. வெளியே ஒண்டு. மோட்டச்சைக்கிள் எங்களைக் கடந்து போகும்வரைக்கும் பைத்தியங்கள் மாதிரித் தலையை உள்ளேயும் வெளியேயும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

"என்ன பிள்ளையள் செய்யிறியள்?" எண்டு அப்பா கேட்டார்.

எங்கள் இரண்டு பேருக்கும் வெள்ளை படரவில்லை.

இரவு கொப்பியில் கீறிப் பார்த்தோம். லைற் கண்ணாடிக்குள்ளால் வரும்போது கொஞ்ச வெளிச்சம் உள் முகத்தில் பட்டுத் தெறித்து, வெளி முகத்தில் பட்டுத் திரும்பவும் தெறித்து, இரண்டாவதாக வெளியே வரும். கண்ணாடியின் இரண்டு முகமும் சமாந்தரமாக இருந்தால், தூரத்து லைற்றின் இரண்டு கதிரும் ஒரே திசையில் வரும். கண்ணுக்கு ஒண்டுதான். தகடு ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லிசாகவும், ஆப்பு மாதிரி இருந்தால் இரண்டாவது கதிர் சரிஞ்சு வரும். அப்ப ஒரு பேய் லைற் தெரியும். பகலில் எல்லா இடமும் வெளிச்சமாக இருப்பதால் இது பிடிபடாது. நாங்கள் வானை எடுத்தது மத்தியானம்.

விடிஞ்சவுடன் வானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். சாரதி சீற்றில் இருந்து முன் மதிலின் கிறில் கம்பிகளைப் பார்த்தபடி தலையை மெல்ல இடம் வலமாக அசைத்தோம். நடுவில் கம்பிகள் நேராக நிண்டன. சாரதிப் பக்கக் கரைக்கு வரவரத் தண்ணிக்குள் நிற்கிற தடி மாதிரி நெளிஞ்சன. கண்ணாடியை வளைத்துச் செய்யும்போது சூடு சரியாகப் பரவாவிட்டால் இப்படி வரும். மூலைகளில் கொஞ்சம் இருந்தால் பொறுக்கலாம். சாரதி பார்க்கிற இடத்தில் இருக்கவே கூடாது.

பிறகு கீழ்மூலையில் இருக்கிற முத்திரை. எங்கட பக்கக் கண்ணாடிகளில் ரொயோட்டா பெயரும் அதைச் செய்த யப்பான் கொம்பனியின் பெயரும் இருந்தன. புதுக் கண்ணாடியில் ஆங்கிலத்தில் 'பாதுகாப்புக் கண்ணாடி' எண்டு மட்டும். செய்தவர் பெயர் இல்லை, இலக்கம் இல்லை. அண்டைக்குத்தான் என்ன இருக்க வேண்டும் எண்டு தேடிப் படித்தோம். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு இலக்கமும் இருந்தால், அது ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு விதிப்படி சோதிச்ச சாமான். இலக்கம் அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் காட்டும்: 1 ஜேர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரித்தானியா. பக்கத்தில் '43 ஆர்' எண்டு இருந்தால் வாகனக் கண்ணாடிக்கான 43ஆம் இலக்க விதி. லைற் இரண்டாகத் தெரிகிறதையும் கோடு நெளிகிறதையும் சோதிக்கச் சொல்கிற விதியும் அதுதான். ரோமன் இலக்கத்தில் இரண்டு இருந்தால் படலம் வைத்த முன்கண்ணாடி. அமெரிக்க முறையில் 'ஏ.எஸ் 1' எண்டிருந்தால் முன்னுக்குப் போடலாம். குறைஞ்சது 70 வீத வெளிச்சத்தை உள்ளே விடும் எண்டு அர்த்தம்.

ஒண்டைச் சொல்ல வேண்டும். சீனச் சாமான் எண்டால் கூடாது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. உலகத்தின் பெரிய கார் கொம்பனிகளுக்குக் கண்ணாடி கொடுக்கிற ஃபுயாவோ சீனக் கொம்பனிதான். ஆர் செய்தது எண்டு சொல்ல ஆளில்லாத சாமான்தான் பிரச்சினை.

கடைசியாக பைப்பைப் பிடித்து மேல் விளிம்பில் மெதுவாகத் தண்ணி விட்டோம். உள்ளே டாஷ்போட் மூலையில் ஈரம் வந்தது. மாரி தொடங்கினதில் இருந்து வானுக்குள் வந்த ஊத்தை மணத்துக்கு, அம்மம்மாவின் வெற்றிலைப் பையைத்தான் அதுவரை குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தோம்.

கடைக்குப் போனோம். அப்பா வரவில்லை, "விடுங்கோ பிள்ளையள்" எண்டார். கடைக்காரர் பில்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"றோட்டில ஓடுற வான் பாதிக்கு இதுதான் போட்டிருக்கு தங்கச்சி. ஒருத்தரும் வந்து கேக்கேல்ல. அப்பாவுக்கு ஒருக்கா கண்ணைக் காட்டுங்கோ."

கோபம் வந்தது. வாயைத் திறக்க, அந்த வசனம் எங்கட வசனம் எண்டு விளங்கினது. மூன்று மாதமாக வீட்டில், கோலில், சந்திவரைக்கும் நாங்கள் சொன்னதைத்தான் அந்தாள் திருப்பிச் சொல்கிறார். திட்டுறதுக்கு எங்களிடம் ஒரு சொல்லும் மிச்சம் இருக்கவில்லை. காசும் திரும்பக் கிடைக்கவில்லை.

அம்மாவின் சீட்டுக்காசில் வேறொரு இடத்தில் மாற்றினோம். இந்த முறை பூட்ட முதல் பார்த்தோம். முதலில் வேறொரு கே.டி.எச்சில் இருந்து கழட்டின ஒறிஜினல் ஒண்டைக் காட்டினார்கள். விலை நல்ல விலை. ஆனால் கரையில் பால் சிந்தினமாதிரி வெள்ளை. படலம் கண்ணாடியை விட்டுக் கழரத் தொடங்கினால் அப்படி வரும். வைப்பர் உரஞ்சின வளைகோடுகள் வெயிலுக்குப் பிடித்தால் தெரிந்தன. அந்தக் கோடுகள்தான் இரவில் லைற் பட்டால் பளிச்சிடும். வேண்டாம் எண்டோம். பிறகு புதுசு ஒண்டு. முத்திரை பார்த்தோம். கண்ணாடியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, எட்டி நிண்டு, அதுக்குள்ளால் எதிர்க் கடையின் ஷட்டர் கோடுகளைப் பார்த்தோம். விளிம்பைக் கையால் தடவி வெடிப்பு இருக்கா எண்டு பார்த்தோம். முத்திரை களவாகவும் அடிக்கலாம், அதனால் பின்னேரம் இருட்டும்வரை நிண்டு, தூரத்து லைற் ஒண்டை அதுக்குள்ளால் பார்த்துத்தான் ஓம் எண்டோம். "கலியாணத்துக்குக் கூறை எடுக்க வந்த மாதிரி நிக்கிறியள்" எண்டு பூட்டுகிற அண்ணா சிரித்தார். ஆனால் எரிச்சல்படவில்லை.

அடுத்த நாள் பழசைக் கழட்டினபோது அவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சுற்றிவர அடிச்சிருந்தது சாதாரண சிலிக்கன். "இது குளியலறைக்கு அடிக்கிறது. அடிபட்டா கண்ணாடி அப்பிடியே கழண்டு போகும்" எண்டார். முன்கண்ணாடி கூரையையும் சேர்த்துத் தாங்குகிற உறுப்பு. பக்கத்து சீற்றின் காற்றுப்பை விரியும்போது அதில் சாய்ந்துதான் நிற்கும் வாகனங்களும் இருக்கு. அதால் அதுக்கு எண்டு இருக்கிற பொலியூரித்தேன் பசைதான் வேண்டும். அண்ணா விளிம்பில் இருந்த துருவை உரஞ்சி, பிறைமர் பூசி, பசைக் குழாயின் காலாவதித் திகதியை எங்களுக்கே வாசிக்கத் தந்தார். அந்தப் பசை காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். எவ்வளவு நேரம் எண்டது பசையைப் பொறுத்தது, குழாயில் எழுதியிருக்கும். எங்களை ஒரு நாள் முழுக்க வானை எடுக்க வேண்டாம் எண்டார். பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி விடச் சொன்னார். கதவை அடிச்சுச் சாத்தினால் உள்ளே அமுங்குகிற காற்று ஈரப் பசையைத் தள்ளிவிடுமாம்.

அன்றிரவு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வல்லை வெளிக்குப் போனோம். கரையில் நிப்பாட்டி லைற்றை நூத்துவிட்டு இருந்தோம். கனநேரத்துக்குப் பிறகு ஒரு மோட்டச்சைக்கிள் வந்தது. அப்பா ஒண்டும் சொல்லாமல் பார்த்தார். அது கடந்து போனபிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒருக்காலும் கண்ணாடியில பிழை இருக்கும் எண்டு தோணேல்ல பிள்ளை" எண்டார். "நீங்கள் படிச்ச பிள்ளையள் சொல்லேக்க சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

மன்னிப்புக் கேட்க ஆயத்தமாகித்தான் போயிருந்தோம். அதுக்குப் பிறகு வாய் வரவில்லை.

அதனால் வேறு வேலை செய்தோம். அப்பாவின் ஃபோனை எடுத்து, மூன்று மாதத்தில் நாங்கள் 'கண் தெரியுதில்லை' எண்டு சொன்ன இலக்கம் ஒவ்வொண்டுக்கும் கோல் எடுத்தோம். பத்தொன்பது பேர். "நாங்கள் சொன்னது பிழை. கண்ணாடிதான் பிழை, மாத்தியாச்சு" எண்டு சொன்னோம். சிலர் சிரித்தார்கள். சிலர் "ஓம் ஓம், பாப்பம்" எண்டார்கள். அந்தப் 'பாப்பம்' என்னெண்டு எங்களுக்குத் தெரியும். கண் தெரியாது எண்ட கதை ஓடின வேகத்தில் தெரியும் எண்ட கதை ஓடாது. பத்தொன்பதில் இதுவரை திரும்பி வந்தது ஏழு பேர்தான்.

முதலாவதாக வந்தவ கனடாவுக்குப் போகிற மகனை ஏற்றிவிட வந்த ஒரு அம்மா. அன்றிரவு நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. ஒன்றரை மணிக்கு அப்பாவிடம் இருந்து ஒரு வொய்ஸ் வந்தது. தேத்தண்ணிக் கடைச் சத்தத்துக்கு நடுவில் அவரின் குரல்.

"புத்தளம் வந்திட்டன். எல்லாம் ஒண்டு ஒண்டாத்தான் வருது. படுங்கோ."